தாழ்சுர ஒலிபெருக்கிக்குப் பொருத்தமான பெட்டியைத் தெரிவுசெய்தல்

அலகு: அலைகளும் அதிர்வுகளும் (பிரயோகம்)

மாணவர்களே, பரிவு, தலையீடு, செறிவு மட்டம் ஆகியவற்றை நீங்கள் தனித்தனியே கற்றிருப்பீர்கள். இவை மூன்றும் ஒன்றுசேரும் சந்தர்ப்பம் ஒன்றை இங்கு ஆராய்வோம். 12 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட சிறிய நடன விடுதி ஒன்றுக்கு, 40 ஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த சுரங்களை வழங்கும் சப்வூபர் தேவை. எவ்வகைப் பெட்டியைத் தெரிவுசெய்வீர்கள்?

1. பெட்டி ஏன் தேவை?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி அசையும்போது முன்பக்க வளி நெருக்கப்படும். பின்பக்க வளி ஐதாகும். எனவே இரு பக்க அலைகளுக்குமிடையே 180° அவத்தை வித்தியாசம் உண்டு. ஒலியின் கதி செக்கனுக்கு 343 மீற்றர் எனின், 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 343 ÷ 40 = 8.6 மீற்றர். இதனோடு ஒப்பிடுகையில் கூம்பு மிகச் சிறியது. ஆகவே பின்பக்க அலை எளிதாக வளைந்து முன்வந்து, முன்பக்க அலையை அழித்துவிடும். இதைத் தடுப்பதே பெட்டியின் முதற் பணியாகும்.

2. பெட்டி வகைகள்

(அ) மூடிய பெட்டி: உள்ளே அடைபட்ட வளி ஒரு சுருளிவில் போலத் தொழிற்படும். எட்கர் வில்ச்சர் 1954 இல் அறிமுகப்படுத்திய ஒலிபெருக்கி இவ்வகைக்குப் புகழ்பெற்ற உதாரணம். பெட்டி சிறியது, செய்வது எளிது, அதிர்வும் விரைவில் தணியும். ஆனால் பின்பக்க ஒலிச்சக்தி வீணாகும். அத்துடன், மீடிறன் பாதியாகக் குறையும்போது அதே ஒலி மட்டத்தைப் பேணக் கூம்பின் வீச்சம் நான்கு மடங்காக வேண்டும்.

(ஆ) துளைப் பெட்டி: பெட்டியில் ஒரு குழாய் பொருத்தப்படும். குழாயிலுள்ள வளி திணிவாகவும் பெட்டியிலுள்ள வளி வில்லாகவும் அமைவதால் இது ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் பரிவியாகும். பரிவு மீடிறனில் கூம்பு மிகக் குறைவாகவே அசையும். ஒலியின் பெரும்பகுதி குழாயிலிருந்து வெளிவரும். அதற்குக் கீழே ஒலி விரைவாகக் குறையும்: மீடிறன் பாதியாகும்போது மூடிய பெட்டியில் ஏறத்தாழ 12 டெசிபெல் இழப்பு, இங்கு 24 டெசிபெல் இழப்பு. அங்கே கூம்பைத் தாங்கும் வளிவில்லும் பயனற்றுப்போகும்.

(இ) கொம்புப் பெட்டி: படிப்படியாக விரியும் கொம்பு, கூம்பையும் வெளிவளியையும் பொருத்தும் நிலைமாற்றி போன்றது. வினைத்திறன் மிக அதிகம். 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைத்தால் விரியலாக்கியின் வலுவில் நான்கில் ஒரு பங்கே போதும். ஆனால் வாயின் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அலைநீளமாக இருக்க வேண்டும். 40 ஹேர்ட்ஸுக்கு இது 8.6 மீற்றர், வட்ட வாயெனின் விட்டம் 2.7 மீற்றர். அறையின் மூலையில் வைத்தால் சுவர்களும் தரையும் கொம்பின் நீட்சியாகச் செயற்படும். அப்போது வாய்ப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு போதும். நியூயோர்க்கில் 1977 முதல் 1987 வரை இயங்கிய பரடைஸ் கராஜ் விடுதியில் ரிச்சர்ட் லோங் பெரிய தாழ்சுரக் கொம்புகளைப் பயன்படுத்தினார். அவ்விடுதி பரந்தது, நமது மண்டபம் அவ்வாறன்று.

3. கணித்தல்

பரிவு மீடிறன் = (ஒலியின் கதி ÷ 6.28) × √[குழாயின் பரப்பளவு ÷ (பெட்டியின் கனவளவு × குழாயின் பயன்படு நீளம்)]

கனவளவு 0.15 கன மீற்றர் (150 இலீற்றர்), பரப்பளவு 0.024 சதுர மீற்றர், நீளம் 0.30 மீற்றர் எனின்:

54.6 × √(0.024 ÷ 0.045) = 54.6 × 0.73 = 40 ஹேர்ட்ஸ் (அண்ணளவாக)

4. தீர்மானம்

எது சிறந்த பெட்டி என்று கேட்பதைவிட, நம்மிடம் எது குறைவு என்று கேட்பதே சரியான வழி. இடம் மிகக் குறைவு, ஒலி மட்டமும் மிதமானது எனின் மூடிய பெட்டி போதும். வலு குறைவு, இடம் தாராளம் எனின் கொம்பு ஏற்றது. நமது விடுதியில் தரையிடம் ஆடுவோருக்குத் தேவை. ஆனாலும் 40 ஹேர்ட்ஸில் உரத்த ஒலி வேண்டும். ஆகவே துளைப் பெட்டியே பொருத்தமானது. பரிவு மீடிறனுக்குக் கீழான சைகைகளை நீக்கும் வடிகட்டிச் சுற்றும் அவசியம். அது இல்லாவிடின் கூம்பு எல்லைமீறி அசைந்து சேதமடையும்.

5. வைக்கும் இடம்

இரு பெட்டிகளை மண்டபத்தின் இரு பக்கங்களில் வைத்தால், பாதை வித்தியாசம் 2.9 மீற்றராகும் இடங்களில் 60 ஹேர்ட்ஸ் ஒலி அழிவுத் தலையீட்டால் நலிவடையும். நடனத்தளத்தின் ஒரு பகுதியில் தாளம் கேட்கும், மறு பகுதியில் கேட்காது. இரண்டையும் அருகருகே சுவரோடு சேர்த்து வைத்தால் அலைகள் ஒரே அவத்தையில் சேர்ந்து, அமுக்கம் இரு மடங்காகும். அதாவது 6 டெசிபெல் கூடும்.

கவனிக்க: உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட நியமத்தின்படி, இத்தகைய இடங்களில் 15 நிமிட சராசரி ஒலி மட்டம் 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது. பெட்டியின் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. இழந்த கேட்டற்புலனை மீளப்பெற முடியாது.

பயிற்சி வினா: மேலுள்ள பெட்டியின் கனவளவை மட்டும் இரு மடங்காக்கினால் பரிவு மீடிறன் யாது?

விடை: 40 ÷ √2 = 28 ஹேர்ட்ஸ். கனவளவு கூடும்போது வளிவில் மென்மையாவதால் மீடிறன் குறைகிறது.