வீடியோக் கோப்பு இயங்காதபோது தவறைக் கண்டறிதல்

வீடியோக் கோப்பு ஒன்று சரியாக இயங்காவிட்டால், அது பழுதடைந்துவிட்டதெனக் கருதி உடனே அழித்துவிடக் கூடாது. முதலில் அறிகுறியை அவதானிக்க வேண்டும்.

கொள்கலனும் கோடெக்கும்

எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பன கொள்கலன் வடிவங்களாகும். இவை படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பினுள் சேர்த்து வைத்திருக்கும். அத்தரவைச் சுருக்குவதும் மீள விரிப்பதும் கோடெக்கின் பணியாகும். எனவே, எம்பி4 நீட்சியுடைய இரு கோப்புகளில் ஒன்று எச்.264 (2003) முறையிலும், மற்றையது எச்.265 (2013) முறையிலும் சுருக்கப்பட்டிருக்கலாம்.

அறிகுறிகளும் தீர்வுகளும்

1. ஒலி கேட்கும், படம் தோன்றாது: படத்துக்குரிய கோடெக் கணினியில் இல்லாதிருக்கலாம். பல கோடெக்குகளைத் தன்னகத்தே கொண்ட விஎல்சி போன்ற மென்பொருளில் திறக்கவும்.

2. படம் விட்டுவிட்டு நகரும்: கணினியின் வேகம் போதாது அல்லது பென் டிரைவிலிருந்து தரவு மெதுவாக வருகிறது. கோப்பை வன்தட்டில் பிரதிசெய்து, ஏனைய மென்பொருள்களை மூடிவிட்டு இயக்கவும்.

3. எந்த மென்பொருளிலும் திறக்காது: பிரதிசெய்தல் இடையில் நின்றிருக்கலாம். மூலக் கோப்பினதும் பிரதியினதும் அளவுகளைப் பைற்றில் ஒப்பிடவும்.

கவனிக்க: கோப்பின் நீட்சியை மட்டும் மாற்றினால் உள்ளேயுள்ள தரவு மாறாது.

மாதிரி வினா

கொள்ளுப்பிட்டியைச் சேர்ந்த மாணவி ஒருவர் பாடசாலைத் தமிழ்த்தின நாடகத்தைக் கைபேசியில் பதிவுசெய்தார். கணினியில் ஒலி மட்டுமே கேட்டதால் பதிவை அழிக்க எண்ணுகிறார். நீர் கூறும் ஆலோசனை யாது?

விடை: அழிக்கக் கூடாது. ஒலி கேட்பதால் கொள்கலன் திறந்துள்ளது. கோடெக் இல்லாமையே பெரும்பாலும் காரணமாகும். வேறு மென்பொருளில் இயக்கிப் படம் தெரியும்வரை கைபேசியிலுள்ள மூலக் கோப்பைப் பேண வேண்டும்.