இருவர் செல்லும் வழி

நுழையும்முன்

பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் குடும்பங்களில் வீட்டிற்கு ஒரு மொழியும் வீதிக்கு ஒரு மொழியும் வழங்குவது இயல்பு. கடல் கடந்து படிக்கச் செல்லும் மாணவர்க்கும் அந்நிலையே வாய்க்கிறது. துணைக்கு ஒரு தோழி உடன் இருந்தால் அச்சம் குறையும்; ஆனால், புதிய மொழி நாவில் ஏறுமா? ஸ்பெயின் நாட்டில் படிக்கும் முறையையும், அங்கே விடுமுறை நாளில் சென்று மாலையில் திரும்பும் சிறு பயணங்களின் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

பழம்பெரும் கல்வி நிலம்

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், போர்ச்சுகல் நாட்டுடன் ஒரே தீவக்குறையைப் பகிர்ந்துகொண்டு அமைந்துள்ளது ஸ்பெயின். அந்நாட்டின் சாலமன்கா பல்கலைக்கழகம் கி.பி. 1218இல் லெயோன் நாட்டு மன்னர் ஒன்பதாம் அல்போன்சோவால் நிறுவப்பட்டது. 2018இல் அது தனது 800ஆம் ஆண்டைக் கொண்டாடியது. 1987இல் தொடங்கப்பெற்ற ‘எராஸ்மஸ்’ என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழியாக ஐரோப்பிய மாணவர் பலர் ஒரு பருவமோ ஓராண்டோ பிறநாட்டில் பயில்கின்றனர். அவர்கள் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கும் நாடுகளுள் ஸ்பெயினும் ஒன்று.

அங்கே கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூன் வரை நடைபெறும். மதிப்பெண் பத்துக்குக் கணக்கிடப்படும். ஐந்து பெற்றால் தேர்ச்சி. ஓராண்டுப் படிப்பு 60 கல்வி அலகுகள் கொண்டது. ஓர் அலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமன்று, நூலகத்தில் படிக்கும் நேரமும் கட்டுரை எழுதும் நேரமும் அக்கணக்கில் சேரும். ஆசிரியர் சொல்லக் கேட்பது கல்வியின் ஒரு பகுதியே; மாணவர் தாமே தேடிக் கற்பது மறுபகுதி என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இந்தியாவிலிருந்து மூன்று மாதங்களுக்கு மேல் படிக்கச் செல்வோர் மாணவர் விசா பெறுதல் வேண்டும். ஆறு மாதங்களுக்கு மேல் தங்குவோர், அந்நாட்டை அடைந்த ஒரு மாதத்திற்குள் அயல்நாட்டவர்க்குரிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சில படிப்புகள் ஆங்கிலத்தில் நடத்தப்பெறினும், கடைத்தெருவிலும் மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் ஸ்பானிய மொழியே துணை நிற்கும். அம்மொழியைப் பயிற்றுவிக்க 1991இல் ஸ்பெயின் அரசு நிறுவிய செர்வான்டிஸ் நிறுவனத்திற்குப் புதுதில்லியிலும் ஒரு மையம் உள்ளது.

துணையின் இரு முகங்கள்

தில்லியில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் இருவர் மாட்ரிட் நகரில் ஓராண்டு படிக்கச் செல்கின்றனர் எனக் கொள்க. ஒருத்தி பேச்சில் வல்லவள், மற்றொருத்தி அமைதியானவள். இருவரும் வாடகையைப் பகிர்ந்து ஒரே வீட்டில் தங்குகின்றனர். ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவள் கஞ்சி காய்ச்சித் தருகிறாள். இரவு ஒன்பது மணிக்கு மேல் உண்ணும் ஊர் வழக்கத்திற்கு இருவரும் சேர்ந்தே பழகுகின்றனர். குளிர்காலத்தில் இந்திய நேரம் நான்கரை மணியும், கோடைக்காலத்தில் மூன்றரை மணியும் முந்தியிருப்பதைக் கணக்கிட்டு, வீட்டார் உறங்கும் முன் இருவரும் தொலைபேசியில் பேசிவிடுகின்றனர். துணையின் முதல் முகம் இது. இது நன்மை தருவது.

மற்றொரு முகமும் உண்டு. ரொட்டிக் கடையில் பேச்சில் வல்லவளே விலை கேட்கிறாள். வீட்டு உரிமையாளரிடம் அவளே பேசுகிறாள். பேருந்தில் வழி கேட்பவளும் அவளே. அமைதியானவள் அருகில் நின்று புன்னகை செய்கிறாள். இரண்டு மாதம் கழிந்தபின், ஒருநாள் தனியே கடைக்குச் செல்ல நேரும்போதுதான், தனக்கு ஒரு ரொட்டி கேட்கவும் சொல் வரவில்லை என்பதை அவள் உணர்கிறாள். தோழி அவளுக்குத் தீங்கு எதுவும் எண்ணவில்லை, உதவியே செய்தாள். எனினும், ஓயாத உதவி கற்பவர் நாவைக் கட்டிவிடும்.

இஃது அயல்நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. ஊரிலிருந்து வந்த பாட்டிக்காகக் கடையிலும் மருத்துவரிடமும் இந்தியில் பேசித் தரும் பேத்திகள் பல வீடுகளில் உள்ளனர். பேத்தி செய்வது அன்பான செயலே. ஆயினும், பாட்டி தாமே ‘எவ்வளவு?’ என்று கேட்கக் கற்றுக்கொண்டால், பேத்தி பள்ளிக்குச் சென்ற வேளையிலும் அவர் தனித்து நடமாட இயலும். பிறருக்காகப் பேசுவதும் உதவி. பிறர் பேசும்வரை காத்திருப்பதும் உதவி.

முறை மாற்றிச் செல்லும் பயணம்

இச்சிக்கலைத் தீர்க்க ஒருநாள் பயணங்கள் நல்ல வாய்ப்பாகும். மாட்ரிட் நகரம் நாட்டின் நடுவில் அமைந்திருப்பதால் பழமையான ஊர்கள் பலவற்றிற்குக் காலையில் சென்று மாலையில் திரும்பலாம். தங்கும் செலவு இல்லை. உணவைக் கையில் எடுத்துச் செல்லலாம். தோழியர் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுதல் வேண்டும். ஒரு பயணத்தில் ஒருத்தி பயணச்சீட்டு வாங்கி, வழி கேட்டு, உணவு கேட்டுப் பெறுவாள். அடுத்த பயணத்தில் மற்றவள். முறை இல்லாதவள், தோழி தடுமாறினும் குறுக்கிட்டுப் பேசுதல் கூடாது. இவ்வொப்பந்தம் கேட்பதற்கு எளிது; கடைப்பிடிக்கப் பொறுமை வேண்டும். தடுமாறுபவளைவிட வாய்மூடி நிற்பவளுக்கே அது கடினம்.

புறப்படுமுன் சிலவற்றை அறிதல் நலம். பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். சிற்றூர்க் கடைகள் பிற்பகல் இரண்டு மணி அளவில் அடைக்கப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கப்படும். திரும்பும் தொடர்வண்டியின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

தொலேதோ: மொழிபெயர்ப்பின் ஊர்

மாட்ரிட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், தாகு ஆறு மூன்று பக்கமும் சூழ்ந்த குன்றின்மேல் அமைந்தது தொலேதோ. விரைவுத் தொடர்வண்டியில் அரைமணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணம். 1561இல் மன்னர் இரண்டாம் பிலிப்பு அரசவையை மாட்ரிட்டிற்கு மாற்றுவதற்கு முன் இது பெருமைமிக்க அரச நகராக விளங்கியது. கி.பி. 999இல் கட்டப்பட்டுப் பின்னர்த் தேவாலயமாக மாறிய சிறு பள்ளிவாசல், யூதர் தொழுத பழைய தொழுகைக்கூடம், 1226இல் கட்டத் தொடங்கிய பேராலயம் ஆகிய மூன்றையும் அங்கே ஒரே நாளில் நடந்து காணலாம். மூன்று சமயத்தார் வாழ்ந்த அந்நகரின் வரலாற்றில் துயரமும் உண்டு; 1492இல் யூதர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்நகருக்கு அறிஞர் பலர் படிக்க வந்தனர். அவர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டுக் கிரமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு. தாலமி எழுதிய வானியல் நூலை இலத்தீன் மொழியில் காண இயலாமையால், அதன் அரபு வடிவத்தைத் தேடி அவர் தொலேதோ வந்தார். அரபு மொழி கற்றார்; காலிப் என்னும் உள்ளூர் அறிஞரின் துணையோடு அந்நூலை மொழிபெயர்த்தார். ஒரு நூலுக்காக வந்தவர் 1187இல் மறையும் முன் 70க்கு மேற்பட்ட நூல்களை இலத்தீனுக்குத் தந்தார். ஊர்மொழி அறிந்த காலிப்பும் அயலிலிருந்து வந்த ஜெரார்டும் ஒருவர் வேலையை மற்றவர் எடுத்துக்கொள்ளவில்லை. இருவர் வேலையும் சேர்ந்தே ஒரு நூல் ஆயிற்று.

செகோவியா: சாந்தில்லாத கல்வரிசை

மாட்ரிட்டிற்கு வடமேற்கே உள்ள செகோவியா, உரோமானியர் அமைத்த கால்வாய்ப் பாலத்தால் புகழ்பெற்றது. மலையிலிருந்து ஊருக்கு நீர் கொண்டுவர எழுப்பப்பட்ட இப்பாலம் மிக உயர்ந்த இடத்தில் ஏறத்தாழ 28 மீட்டர் உயரமுடையது. இதன் கருங்கற்களுக்கு இடையே சாந்து பூசப்படவில்லை. வளைவின் இரு பக்கக் கற்களும் ஒன்றை ஒன்று அழுத்தித் தாங்குவதால் பாலம் நிற்கிறது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கும் இதன் அடியில் நின்று மேலே நோக்கும் மாணவர்க்கு, வளைவின் இயற்பியல் கரும்பலகையின்றியே விளங்கும்.

அல்கலாவும் எஸ்கோரியலும்

கிழக்கே புறநகர்த் தொடர்வண்டி செல்லும் அல்கலா டி ஹெனாரஸ் நகரில் 1499இல் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ‘டான் குவிக்சோட்’ எழுதிய செர்வான்டிஸ் 1547இல் பிறந்த ஊரும் இதுவே. அந்நூலின் முதற்பகுதி 1605இலும் இரண்டாம் பகுதி 1615இலும் வெளிவந்தன. ஸ்பானிய மொழி இலக்கியத்தின் மிக உயர்ந்த பரிசு அவர் பெயரால் இந்நகரிலேயே வழங்கப்படுகிறது.

வடமேற்கே உள்ள எல் எஸ்கோரியல், 1563 முதல் 1584 வரை கட்டப்பட்ட பெரும் அரண்மனையும் துறவியர் மடமும் ஆகும். அதன் நூலகத்தில் இந்தியர் அறிய வேண்டிய ஒரு கையெழுத்துச் சுவடி உள்ளது. வட ஸ்பெயினின் அல்பெல்தா மடத்தில் 976இல் எழுதி முடிக்கப்பட்ட அச்சுவடியில், இந்தியாவில் தோன்றி அரபு நாடுகள் வழியாக மேற்கே சென்ற எண்வடிவங்கள் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதப்பட்டுள்ளன. ஐரோப்பாவில் இலத்தீன் நூலொன்றில் அவை இடம்பெற்றமைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று இதுவே. சுழியம் அதில் இல்லை; அது பின்னரே வந்து சேர்ந்தது. இந்தியரின் நுண்ணறிவைப் பாராட்டும் குறிப்பும் அதில் உண்டு. அதை எழுதிய துறவியர்க்கு முன்பே இந்தியாவின் எண்கள் அந்நெடும்பயணத்தை முடித்திருந்தன.

பழக்கடையில் ஒரு சொல்

எண்களைப் போலவே சொற்களும் பயணம் செய்துள்ளன. ஸ்பானிய மொழியில் சர்க்கரையை ‘அசூகர்’ என்பர். வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகம், அரபு வழியாக அவ்வடிவம் பெற்றது. தமிழில் வழங்கும் ‘சர்க்கரை’ அதன் உறவுச்சொல். ஆரஞ்சுப் பழத்தை அவர்கள் ‘நரான்ஹா’ என்பர். அரபு, பாரசீகம், வடமொழி எனப் பின்னோக்கிச் செல்லும் அச்சொல்லின் வேர் திராவிட மொழியொன்றில் இருக்கலாம் என மொழியறிஞர் பலர் கருதுவர். தமிழின் ‘நாரத்தை’ என்னும் சொல்லோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அயல்நாட்டுப் பழக்கடையில் பேசத் தயங்கி நிற்கும் மாணவிக்கு, தான் சொல்ல வேண்டிய சொல் முற்றிலும் அயலானதன்று என்னும் எண்ணம் துணிவு தரும்.

ஒரு நாடு, பல மொழிகள்

ஸ்பெயினின் வீடுகளிலும் ஒரே மொழி வழங்கவில்லை. காட்டலோனியாவில் காட்டலான் மொழியும், கலீசியாவில் கலீசிய மொழியும், வடக்கே பாஸ்க் மொழியும் பேசப்படுகின்றன. பாஸ்க், உலகில் வாழும் எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. 1939 முதல் 1975 வரை நாட்டை ஆண்ட பிராங்கோவின் ஆட்சியில் இம்மொழிகள் பள்ளியிலும் அரசு அலுவலிலும் ஒடுக்கப்பட்டன. வீட்டில் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் பேசிவந்ததால் அவை மறையவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசமைப்பு, நாடு முழுமைக்கும் ஸ்பானிய மொழியை ஆட்சிமொழியாகவும், பிற மொழிகளை அவ்வப் பகுதிகளில் உடன் ஆட்சிமொழிகளாகவும் ஏற்றது. இன்று அவை பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றன. வீதியின் மொழியைக் கற்க வீட்டின் மொழியை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

தோழியர் இருவரும் இதனை உணர்ந்தால் தமிழை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. பயணத்தில் ஸ்பானிய மொழி. திரும்பும் வண்டியில் கண்டதையும் கேட்டதையும் தமிழில் கலந்து பேசுதல். அன்று கற்ற புதுச்சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்ல முயலும்போது இரு மொழிகளும் கூர்மை பெறும். ஆண்டின் முடிவில் அமைதியானவள் தனியே ஓர் ஊருக்குச் சென்று திரும்பினால், தோழியின் துணை வீணாகிவிட்டது என்பது பொருளன்று. அத்துணை தன் வேலையைச் செய்து முடித்தது என்பதே பொருள்.

சிந்தித்து எழுதுக

1. ‘ஓயாத உதவி கற்பவர் நாவைக் கட்டிவிடும்’ – இக்கூற்றைப் பாடத்திலுள்ள எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குக.

2. தோழியர் செய்துகொண்ட ஒப்பந்தம் வாய்மூடி நிற்பவளுக்கே கடினம் என்பது ஏன்?

3. ஜெரார்டு தொலேதோ நகருக்கு வந்த காரணத்தையும் அங்கு அவர் ஆற்றிய பணியையும் எழுதுக.

4. செகோவியாவின் கால்வாய்ப் பாலம் சாந்தின்றி நிற்பது எவ்வாறு?

5. ஸ்பெயினின் வட்டார மொழிகள் ஒடுக்கப்பட்ட காலத்திலும் மறையாமைக்குக் காரணம் யாது?

செய்து பார்க்க

உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க இடமொன்றைத் தேர்ந்தெடுத்து, பயணத் திட்டம் ஒன்றைத் தமிழில் எழுதுக. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் அப்பயணத்தில் தாமே கேட்டுப் பழக வேண்டிய ஐந்து தொடர்களை ஊர்மொழியில் அவருக்குக் கற்பித்து, அவரிடமிருந்து நீங்கள் அறியாத ஐந்து தமிழ்ச் சொற்களைக் கேட்டு எழுதுக.