கியர் விழ மறுக்கிறதா? பெட்டியைப் பிரிக்க அவசரம் வேண்டாம்!

கள்ளிக்குப்பம் வழியாகப் போகும் அம்பத்தூர்–செங்குன்றம் சாலையில் லாரி, பஸ், வேன் என்று ஓயாத போக்குவரத்து. நூறு அடிக்கு ஒரு தடவை கியர் மாற்ற வேண்டும். அதனால், "அண்ணே, கியர் விழல! கர்ர்னு சத்தம் போடுது" என்ற புகார் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன ஒன்று.

ஆசையாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓட்டும் வாலிபர்களுக்கும் இதே தலைவலி உண்டு. சத்தம் கேட்டதும் "கியர் பாக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டி, பெட்டியை இறக்கச் சொல்லி விடுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கரைகிறது. பிரித்துப் பார்த்தால் பல்சக்கரங்கள் பளபளவென்று இருக்கும். கோளாறு இருந்தது வெளியே, கிளச்சில்!

சோழவரம் பந்தயம்

வேகக் கார்கள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். அங்கே இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில், 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்தியது. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. பந்தயங்களும் அங்கே போய் விட்டன.

பந்தயக் காரோ, தெருவில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரோ, கையால் கியர் போடும் வண்டிகளில் பெட்டிக்குள் நடப்பது ஒன்றுதான். ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு மாறும்போது இரண்டு பாகங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வருவது "சின்க்ரோ" வளையம். பெரும்பாலும் பித்தளையில் செய்தது. வேக வித்தியாசம் 2 மடங்கானால் வளையம் தாங்க வேண்டிய உரசல் சூடு 4 மடங்காகும். என்ஜினை 6 ஆயிரம் சுற்றுக்கு முறுக்கி, கண் இமைக்கும் நேரத்தில் கியர் போடும் ஸ்போர்ட்ஸ் காரில் கோளாறு சீக்கிரம் தலைகாட்டுவது இதனால்தான்.

முதல் சோதனை

என்ஜினை அணைத்து விட்டு, கிளச்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று இடித்தால் காரை லேசாக ஆட்டி விட்டு மறுபடி போடுங்கள். அணைத்த நிலையிலும் கியர் கம்பி முரண்டு பிடித்தால், அதைப் பெட்டியோடு இணைக்கும் கேபிள், புஷ் இவற்றைப் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்து போயிருந்தால் கம்பி தொளதொளவென்று ஆடும்.

அணைத்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஸ்டார்ட் செய்தால் விழவில்லை என்றால்? சந்தேகமே வேண்டாம், கிளச்சைப் பிடியுங்கள்!

5 வினாடி சோதனை

முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில், என்ஜின் மெதுவாக ஓடும்போது கிளச்சை முழுக்க மிதியுங்கள். 5 வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கர்ர் என்றால், கிளச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். மிதித்த உடனே ரிவர்ஸ் போட்டால் மட்டும் லேசாகச் சத்தம் வருவது கோளாறு அல்ல. பல கார்களில் ரிவர்சுக்கு சின்க்ரோ கிடையாது.

பெடலை இரண்டு, மூன்று தடவை பம்ப் செய்தால் கியர் விழுகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கலாம், சிலிண்டரில் கசிவு இருக்கலாம். இது உயிர் விஷயம்! பல கார்களில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய் டப்பாதான். அளவு குறைந்தால் மேலே ஊற்றி விட்டுப் போகக் கூடாது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

பெடலுக்குக் கீழே ரப்பர் மேட் மடிந்து கிடந்தாலும் கிளச் முழுக்க இறங்காது. கைக்காசு செலவில்லாத கோளாறு இது!

எப்போது பெட்டியைப் பிரிக்கலாம்?

மற்ற கியர்கள் ஒழுங்காக விழுந்து, ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் சின்க்ரோ தேய்ந்திருக்கலாம். 3லிருந்து 2க்கு இறக்கும்போது இது நன்றாகத் தெரியும். பழைய லாரி டிரைவர்கள் செய்வது போல நியூட்ரலில் கிளச்சை விட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சந்தேகம் உறுதி.

போட்ட கியர் தானே வெளியே வந்தால், என்ஜின் மவுண்ட்டைப் பார்த்து விட்டுப் பிறகு பெட்டிக்குப் போகலாம். நியூட்ரலில் வரும் ஊளைச் சத்தம் கிளச்சை மிதித்ததும் நின்றால், பெட்டியின் முன் பேரிங் மேல் சந்தேகம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளச் பேரிங்.

காலையில் மட்டும் கியர் இறுக்கமாக இருந்து, சூடானதும் சரியானால் எண்ணெயைப் பாருங்கள். கம்பெனி புத்தகத்தில் சொன்ன ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும். "கெட்டியா இருந்தா நல்லது" என்று வேறு ரகம் ஊற்றினால் சின்க்ரோ பிடிக்காமல் வழுக்கும். சில ரகங்கள் பித்தளையையே அரித்து விடும்.

வாங்கும் முன் உஷார்!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள், என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே முதல் ஸ்டார்ட்டைத் தாங்களே செய்வது நல்லது. விற்பவர் முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலை நேரக் கோளாறு தெரியாது.

லோடு வேன் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் இதே சோதனைகள் பொருந்தும். பட்டறைக்குப் போனால் "கியர் பாக்சைப் பாருங்க" என்று சொல்லாதீர்கள். எந்த கியர், சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, என்ஜின் ஓடும்போதா அணைத்திருக்கும்போதா என்று மூன்றைச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி!