இறுகிய நிலத்தைத் திறப்போம்

மைதானத்திலும் வீட்டு முற்றத்திலும் புல் கருகும்போது நாம் நீரூற்றுகிறோம், உரமிடுகிறோம். ஆனால் குறை பல வேளைகளில் இறுகிய மண்ணில் இருக்கிறது.

நல்ல மண்ணின் கனவளவில் ஏறக்குறையப் பாதி நுண்துளைகளே. அவற்றில் நீரும் காற்றும் தங்கும். ஓயாத மிதிப்பும் வாகனச் சில்லுகளும் இத்துளைகளை நசுக்குகின்றன. வேர் மூச்சின்றி வாடுகிறது. மழைநீர் உள்ளிறங்காது வீதிக்கு ஓடுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லினூடே இறங்கித் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளுக்கு ஊற்று. ஆகவே இறுகிய முற்றம் கிணற்றுக்கும் நட்டமே.

ஈரமான நிலத்தில் சைக்கிள் கம்பியொன்றைக் குத்திப் பாருங்கள். இறங்க மறுத்தால் மண் இறுகியுள்ளது. மாரியில் நிலம் நனைந்து, சேறு இல்லாத நாளில், ஓர் அங்குல இரும்புக் குழாயை 3 அங்குல ஆழத்துக்கு அடித்து, மண்ணுடன் இழுத்தெடுங்கள். அலவாங்கால் குத்தினால் துளையின் சுற்றுமண் மேலும் இறுகும். துளைகளுக்கிடையே 4 முதல் 6 அங்குலம் விடுங்கள். பின்னர் உக்கிய கூட்டெருவைத் துளைகளில் இடுங்கள். எடுத்த மண்ணை உதிர்த்து மேலே பரப்புங்கள்.

பெரிய மைதானமானால் ஆண்டுக்கொரு பகுதியாகச் செய்யலாம். திறந்த நிலத்தில் மீண்டும் வாகனம் ஏறவிட்டால் எமது உழைப்பு வீண். முதலில் வாயிற்படலையை மூடுவோம்.