உளியும் தெரியும்... கணக்கும் தெரியும்! மாமல்லபுரம் கண்ட ஆசிரியர்

பி.எட். கல்லூரியில் நுண்கலை கற்பிக்க ஆசையா? தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் 2014-ம் ஆண்டு விதிப்படி, 55 சதவிகித மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டம் வேண்டும். பரம்பரைத் தொழில் அனுபவம் மட்டும் போதாது.

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில், 1957-ல் அரசு சிற்பப் பயிற்சி மையம் தொடங்கியபோது நிலைமை வேறு. முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. தலைமுறை தலைமுறையாக வந்த கோயில் கலைதான் அவருடைய தகுதி.

அடுத்து வந்தவர் மகன் கணபதி ஸ்தபதி. 1927-ல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். அப்பாவிடம் சிற்பம் பயின்றார். கல்லூரியில் கணிதப் பட்டமும் வாங்கினார். முகத்தின் நீளத்தை ஒரு தாலமாக வைத்து, முழு உருவத்தையும் அளப்பது சிற்ப சாஸ்திரம். அங்கே இரண்டு படிப்பும் கைகோத்தன.

சுமார் 27 ஆண்டுகள் மாமல்லபுரத்தில் முதல்வராக இருந்தார். ஸ்தபதி குடும்பங்களுக்குள் இருந்த வித்தை வகுப்பறைக்கு வந்தது. குமரிக்கடலில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலை அவர் வடித்ததுதான். 2009-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

பட்டமும் அவசியம், பழகிய கையும் அவசியம். கலை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பவர்கள், சான்றிதழைப் பார்த்த கையோடு ஒரு கோடு வரையச் சொல்லியும் பார்க்கலாமே!