பழைய மரணம் சொல்லும் செய்தி

“தந்தையார் எந்த வயதில், எதனால் இறந்தார்?” என்று நாங்கள் வினவும்போது பலரும் மௌனமாகிவிடுகின்றனர். “நெஞ்சு வலி என்றார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்குள் போய்விட்டார்” என்று சிலர் தயங்கிச் சொல்கின்றனர். ஆறிய புண்ணைக் கீறுவது எங்கள் நோக்கமன்று. யாரையும் குற்றம் காண்பதுமன்று. அந்த விடையில் இருப்பவர்களுக்கான செய்தி உண்டு.

தந்தையோ சகோதரரோ 55 வயதுக்கு முன்பு, தாயோ சகோதரியோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், குடும்பத்தில் இளவயது இதயநோய் உண்டு எனக் கொள்கிறோம். இத்தகைய சில குடும்பங்களில், பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்டிரால் காரணமாக இருக்கலாம். எல்.டி.எல். கொழுப்பை இரத்தத்திலிருந்து போதிய அளவு நீக்கக் கல்லீரலால் இயலாததே இக்குறைபாடு. பெற்றோரில் ஒருவருக்கு இது இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்புண்டு. மெலிந்த உடல்வாகு கொண்டோரும் இதற்கு விலக்கல்லர்.

பெரியவர்களுக்கு எல்.டி.எல். அளவு ஒரு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின், மேலும் ஆராய வேண்டும். குறைபாடு உறுதியானால் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பரிசோதிப்பது அவசியம். உணவுக் கட்டுப்பாடு மட்டும் பெரும்பாலும் போதாது. ஸ்டாட்டின் மாத்திரைகளை இடைவிடாது உட்கொண்டால் மாரடைப்பு அபாயம் வெகுவாகக் குறையும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மறைந்தோரின் வயதையும் காரணத்தையும் ஒரு தாளில் குறித்து, அடுத்த முறை எடுத்து வாருங்கள். அன்று விளங்காத அம்மரணம், இன்று உங்கள் பிள்ளைகளுக்குக் காவலாக அமையக்கூடும்.