ஹிட்லரின் வானொலிப் பெட்டி

பழுப்பு நிற பேக்கலைட் உடம்பு. முகத்தில் துணி போர்த்திய வட்டமான ஒலிபெருக்கி. ஜெர்மானிய அருங்காட்சியகங்களில் இன்றும் காணக்கூடிய இந்தப் பெட்டிக்கு 'மக்கள் வானொலி' என்று பெயர். 1933 ஆகஸ்ட் மாதம் பெர்லினில் நடந்த வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. விலை 76 மார்க். அன்று கடைகளில் இருந்த மற்ற வானொலிகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி விலை. அதன் மாடல் எண் 301. அந்த எண்ணுக்குள் ஒரு தேதி இருக்கிறது. 30, 1. அதாவது ஜனவரி 30. 1933இல் அடோல்ஃப் ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலராகப் பதவியேற்ற நாள்.

மைக்கின் முன் உட்கார்ந்து பேசுவதுதான் என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, ஹிட்லரைப் பற்றி எதைப் படித்தாலும் என் கண் இந்தப் பெட்டியின் மேல்தான் போய் நிற்கிறது. டாங்கிகளும் விஷவாயு அறைகளும் பிறகு வந்தவை. அவற்றுக்கெல்லாம் முன்பே இது வீடுகளின் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

திறந்தே கிடந்த கதவு

வானொலியில் பேசிப் பேசியே ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 1928 தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கியது 2.6 விழுக்காடு வாக்குகள்தான். அதன் பிறகு உலகப் பொருளாதாரமே சரிந்தது. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஏறத்தாழ 60 இலட்சம் பேருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் நாஜிகள் 37.3 விழுக்காடு பெற்று ஆகப் பெரிய கட்சியானார்கள். நவம்பரில் 33.1க்கு இறங்கினார்கள். சுதந்திரமான தேர்தல் எதிலும் ஹிட்லருக்குப் பெரும்பான்மை கிடைத்ததே இல்லை. இவரை நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட பழைமைவாதத் தலைவர்கள்தாம் அவரைக் கைபிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஃபிரான்ஸ் ஃபொன் பாப்பென்.

இந்தப் பாப்பென் 1932இல் சான்சலராக இருந்தபோது ஒரு காரியம் செய்தார். வானொலி நிலையங்களில் தனியாருக்கு இருந்த பங்குகளை நீக்கி, எல்லாவற்றையும் அரசின் பிடிக்குள் கொண்டுவரும் வேலையைத் தொடங்கி வைத்தார். சில மாதங்களில் ஹிட்லர் வந்தார். வானொலியைக் கைப்பற்ற அவர் எந்தக் கதவையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து நடந்தவற்றின் வேகத்தைப் பாருங்கள். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 13இல் பிரசார அமைச்சு உருவானது. மார்ச் 22இல் டாஹௌ வதைமுகாம் திறக்கப்பட்டது. மார்ச் 23இல், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் இயற்றும் அதிகாரம் 444க்கு 94 என்ற வாக்குகளில் ஹிட்லருக்குத் தரப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. கம்யூனிஸ்டு உறுப்பினர்களை அவைக்குள்ளேயே விடவில்லை. ஜூலை 14இல் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சி இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஒரு குடியரசைச் சாய்க்க ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அப்புறப்படுத்தப்பட்ட குரல்கள்

புதிய பெட்டி கண்காட்சிக்கு வந்த அதே ஆகஸ்ட்டில், பழைய குரல்கள் சிறைக்குப் போயின. பெர்லின் வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஆல்ஃபிரட் பிரவுன் கைதுசெய்யப்பட்டு ஒரானியென்பர்க் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஜெர்மன் மொழியின் முதல் வானொலி நாடகத்தை 1924இல் உருவாக்கிய ஹான்ஸ் ஃபிளெஷும் அதே முகாமில் அடைக்கப்பட்டார். ஜெர்மானிய வானொலியின் தந்தை எனப்படும் ஹான்ஸ் பிரெடோ, ஹிட்லர் பதவியேற்ற அன்றே தம் பதவியை விட்டு விலகியவர். அவரும் பின்னர் சிறை வைக்கப்பட்டார்.

பிரவுனின் கதை அதோடு முடியவில்லை. விடுதலையாகி வெளிநாடு போனவர், பிறகு திரும்பி வந்தார். நாஜிகளின் செல்ல இயக்குநரான வைட் ஹார்லானின் படங்களில் வேலை செய்தார். போருக்குப் பின் 1954இல் மேற்கு பெர்லினின் புதிய வானொலி நிலையத்துக்கு முதல் தலைவரானார். அவரை வீரர் என்பதா, கோழை என்பதா? முகாமுக்குள் ஒரு நாளும் இருந்திராத நான் அந்தத் தீர்ப்பை எழுதப் போவதில்லை.

'சலிப்பூட்டக் கூடாது'

தமிழில் 'கோயபல்ஸ்' என்பது வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று அவர் சொன்னதாக மேடைதோறும் பேசுகிறார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. ஆனால் 1933 மார்ச் 25இல் வானொலி நிலையத் தலைவர்களைக் கூட்டி அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. அதில் முக்கியமான கட்டளை, எதைச் செய்தாலும் நேயருக்குச் சலிப்பூட்டக் கூடாது என்பது.

இது எனக்கும் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். எந்த வானொலி நிலையத்திலும் இதைத்தான் சொல்வார்கள்.

கோயபல்ஸ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நேயரின் மனம் எப்படி வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும். நாள் முழுக்க அரசியல் பேசினால் மக்கள் பெட்டியை அணைத்துவிடுவார்கள். ஆகவே பாட்டு, நகைச்சுவை, நடன இசை. இடையிடையே செய்தி. தலைவர் பேசும் நேரத்தில் தொழிற்சாலையிலும் பொதுச் சதுக்கத்திலும் ஒலிபெருக்கி. 1933இல் சுமார் 43 இலட்சமாக இருந்த வானொலி உரிமங்கள் 1939இல் 1 கோடியைத் தாண்டின. 1938இல் 35 மார்க்குக்கு இன்னும் சிறிய பெட்டி வந்தது. மக்கள் அதற்கு 'கோயபல்ஸின் வாய்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

போர் தொடங்கி ஒரு மாதத்தில், 1939 அக்டோபர் 1இல், ஒரு புதிய நிகழ்ச்சி ஆரம்பித்தது. நம் ஊர் வழக்கில் சொன்னால் 'நேயர் விருப்பம்'. போர்முனையில் இருக்கும் வீரர்கள் கேட்ட பாடல்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்லினிலிருந்து நேரலையாக வழங்கினார்கள். தொகுப்பாளர் ஹைன்ஸ் கோடெக்கே. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை வாசிப்பார். எந்த வீரருக்கு எங்கே குழந்தை பிறந்தது என்று அறிவிப்பார். பதுங்குகுழியில் இருந்த அப்பாவுக்கு, தனக்கு மகன் பிறந்த செய்தி வானொலி வழியாகப் போய்ச் சேர்ந்தது. நாடே உருகிக் கேட்டது.

இதில் நான் செய்யாதது என்ன இருக்கிறது? பிறந்தநாள் வாழ்த்து, திருமண வாழ்த்து, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அம்மா கேட்கும் பாட்டு. நேயர்களின் பெயர்களை அன்போடு வாசிப்பது என் அன்றாட வேலை. கோடெக்கேயும் நன்றாகத்தான் வாசித்திருப்பார். ஆனால் அந்த நிகழ்ச்சியில் ஒருநாளும் வாசிக்க முடியாத பெயர்கள் இருந்தன. நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, 1939 செப்டம்பர் 23இல், யூதர்களின் புனித நோன்பு நாளன்று, அவர்கள் வீட்டு வானொலிப் பெட்டிகள் அத்தனையும் பறிக்கப்பட்டன. கேட்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லாமல் போனது.

கேட்டதற்குத் தண்டனை

1939 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டு வானொலி கேட்பது குற்றமானது. கேட்டதைப் பிறரிடம் சொன்னால் மரண தண்டனைவரை போகலாம். ஹாம்பர்க் நகரில் ஹெல்முத் ஹியூபனர் என்ற இளைஞன் இரகசியமாக பிபிசியின் ஜெர்மன் ஒலிபரப்பைக் கேட்டான். கேட்டதைத் தட்டச்சு செய்து துண்டுப்பிரசுரங்களாக நகரில் விட்டுவந்தான். 1942 அக்டோபர் 27இல் பெர்லின் சிறையில் அவன் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது அவனுக்கு வயது 17.

நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் பயம் அந்நியமானதல்ல. ஜெர்மனியின் கூட்டாளியான ஜப்பான் இங்கே ஆண்டபோதும் சிற்றலை கேட்பதற்குத் தடை இருந்தது. 1943 அக்டோபர் 10இல் ஜப்பானிய இராணுவப் போலீஸ் சாங்கி சிறைக்குள் புகுந்து இரகசிய வானொலிகளைத் தேடியது. 'இரட்டைப் பத்து' எனப்படும் அந்தச் சம்பவத்தில் 57 பேர் பிடிபட்டு, 15 பேர் உயிரிழந்தார்கள்.

பாட்டுக்கு நடுவே சொல்லப்படாதவை

ஜெர்மனியில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மனநலம் குன்றியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் மருத்துவமனைகளிலிருந்து பேருந்தில் கொண்டுபோகப்பட்டு விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். 1941 ஆகஸ்ட் வரை மட்டுமே 70,000 பேர். 1942 ஜனவரி 20இல் பெர்லினின் வான்ஸீ ஏரிக்கரை மாளிகையில் உயரதிகாரிகள் கூடி, ஐரோப்பாவின் யூதர்களை ஒழித்துக்கட்டும் வேலையை ஒருங்கிணைத்தார்கள். ஆஷ்விட்ஸ் என்ற ஒரே முகாமில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் மாண்டார்கள். மொத்தத்தில் கொல்லப்பட்ட யூதர்கள் 60 இலட்சம் பேர். ரோமா மக்களும் சோவியத் போர்க்கைதிகளும் இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்டார்கள்.

பொய் கடைசிவரை நிற்கவில்லை. 1945 மே 1 இரவு, ஹிட்லர் போரிட்டு மடிந்தார் என்று ஹாம்பர்க் வானொலி அறிவித்தது. உண்மையில் முந்தைய நாளே அவர் பதுங்கு அறையில் தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

குற்றவாளிக் கூண்டில் ஓர் அறிவிப்பாளர்

நியூரம்பெர்க் விசாரணையில் தளபதிகளுக்கும் அமைச்சர்களுக்கும் நடுவே ஹான்ஸ் ஃபிரிட்ஷே என்ற வானொலி விமர்சகரும் உட்கார்ந்திருந்தார். கோயபல்ஸ் இறந்துவிட்டதால், அவருடைய அமைச்சில் வானொலிப் பிரிவை நடத்திய இவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். படுகொலை செய்யும்படி இவர் மக்களைத் தூண்டியதாக நிரூபணமாகவில்லை என்று 1946இல் விடுதலை செய்தார்கள். அதே நாளில் விடுதலையான இன்னொருவர், பாப்பென். ஆனால் யூத வெறுப்பை அச்சடித்துப் பரப்பிய பத்திரிகைக்காரர் ஜூலியஸ் ஷ்டிரைக்கர் தூக்கிலிடப்பட்டார். வார்த்தையும் குற்றமாகலாம் என்பதை உலகம் அன்று ஏற்றுக்கொண்டது. 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு, வெறுப்பைப் பரப்பிய வானொலியின் அறிவிப்பாளர் ஜார்ஜ் ருஜியூவுக்கு 12 ஆண்டுச் சிறை கிடைத்தது. சக தொழிலாளியின் தண்டனை என்பதால் அந்த எண் எனக்கு மறக்கவில்லை.

இன்னொரு சக தொழிலாளியையும் சொல்ல வேண்டும். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் நுழைந்த பிபிசி செய்தியாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி, புதைக்கப்படாத ஆயிரக்கணக்கான உடல்களுக்கு நடுவே நின்று கண்டதைப் பதிவு செய்து அனுப்பினார். நம்பவே முடியாத அந்தச் செய்தியை ஒலிபரப்ப பிபிசியே முதலில் தயங்கியது. ஒலிபரப்பாவிட்டால் இனி வானொலியில் பேசவே மாட்டேன் என்றார் அவர். அதன் பிறகுதான் அது ஒலிபரப்பானது.

கோடெக்கேயும் டிம்பிள்பியும் ஒரே தொழில் தெரிந்தவர்கள். ஒருவர் நாடு கேட்க ஆசைப்பட்டதைக் கொடுத்தார். மற்றவர் கேட்கத் தாங்காததைக் கேட்க வைத்தார். இன்று பெட்டி போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. சலிப்பூட்டக் கூடாது என்ற விதி மட்டும் மாறவில்லை. ஒரு நிகழ்ச்சி உங்களை ரொம்பவும் மகிழ்வித்தால் தாராளமாக மகிழுங்கள். கூடவே, அதில் யாருடைய பெயர் மட்டும் ஒருநாளும் வாசிக்கப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தக் கேள்வியை எங்களைப் போன்றவர்களிடம் உரக்கக் கேளுங்கள்.